தூரத்து மரம் ஏன் சிறுத்துத் தெரிகிறது?

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை என்றைக்காவது தோட்டத்தைப் படமாக வரைந்து கொண்டுவந்து காட்டியிருக்கும். நடுவில் ஒரு மண் சாலை, இருபுறமும் பால்மரங்கள். ஆனால் சாலை, ஏணியை நிமிர்த்தி வைத்தது போல் நெட்டுக்குத்தாக நிற்கும். மரங்கள் எல்லாம் ஒரே உயரம். சாலையில் நடந்து வருகிறவர் மரத்தில் பாதி உயரம் இருப்பார். "நல்லா இருக்கு" என்று தலையைத் தடவி அனுப்பிவிடுவோம். ஒன்பது பத்து வயது வரை அது போதும். அதன் பிறகு அந்தப் படம் பிள்ளைக்கே பிடிக்காமல் போகும். கண் பார்ப்பது ஒன்று, தாளில் வருவது வேறு என்று அதற்குத் தெரிந்துவிடும். ஏன் என்று சொல்லித்தர ஆள் இருக்காது. "எனக்குப் படம் வராது" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

படம் பிறவியிலேயே வரவேண்டும் என்கிற பேச்சில் பாதிதான் உண்மை. முகத்தில் சோகத்தைக் கொண்டுவர, வண்ணம் கலக்க, கொஞ்சம் வரம் வேண்டும்தான். ஆனால் அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் தோன்றும்படி வரைவது வெறும் கணக்கு. வாய்ப்பாடு படிக்கத் தெரிந்த பிள்ளை இதையும் படித்துவிடும். பெர்ஸ்பெக்டிவ் என்று பள்ளியில் சொல்வார்கள். நாம் தூரத்தோற்றம் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரங்களை வரைய வேறொரு முறை உண்டு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். அண்ணனைத் தம்பி என்று நினைத்து நான் பட்ட அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1974இல் எனக்குப் பதினைந்து வயது. அப்பா தோட்டத்து ஸ்டோரில் மெசின்களைப் பார்த்துக்கொள்கிறவர். உறைந்த பாலை உருட்டித் தகடாக்கும் மெசினில், உருளையைத் தாங்கும் பிராக்கெட் ஒன்று வெடித்துவிட்டது. கம்பியால் இறுக்கிக் கட்டி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோனால் மெசின் நின்றுவிடும். "நீதான் நல்லாப் படம் போடுறியே, இதைப் பார்த்து வரைஞ்சு குடு. இரும்புப் பட்டறையில காட்டிப் புதுசு வார்த்துக்கிட்டு வந்துடுறேன்" என்றார் அப்பா.

பள்ளியில் அப்போதுதான் தூரத்தோற்றம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெருமை என் தலைக்குள் இருந்தது. பிராக்கெட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு காதுகள். காதுக்கு ஓர் ஓட்டை. இரண்டிலும் ஒரே இரும்புப் பின் நுழைந்து போகவேண்டும். முன் காதை அளந்து சரியாகப் பாதி அளவில் வரைந்தேன். பின் காதை விதிப்படி சிறிதாக்கினேன். அதன் ஓட்டையும் சிறிதானது. நிழல் எல்லாம் கொடுத்தேன். மொத்த உயரம், மொத்த அகலம் இரண்டை மட்டும் எழுதி, "மற்றவை பாதி அளவு" என்று கீழே குறித்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் கையில் எடுக்கலாம் போல இருக்கிறது என்றார்கள்.

பட்டறையில் மர அச்சு செய்கிற சீனப் பெரியவர் தாளின்மேல் அடிக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டு ஓட்டையும் வேறு வேறா?" என்று மலாயில் கேட்டாராம். அப்பா, "என் மகன் அளந்து போட்டது, அப்படியே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து வார்ப்பு வந்தது. முன் ஓட்டையில் பின் நுழைந்தது. பின் ஓட்டையில் சுண்டுவிரல்தான் நுழைந்தது. மறுபடி வார்க்க ஆன காசை அப்பா தன் சம்பளத்திலிருந்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை டவுனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் என் படத்தைக் கசக்கிப் போடவில்லை. திருப்பி வைத்து, வெற்றுப் பக்கத்தில் அதே பிராக்கெட்டை மூன்று தடவை வரைந்தார்: முன்னால் நின்று பார்த்தால் ஒன்று, மேலிருந்து பார்த்தால் ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று. மூன்றிலும் ஒவ்வொரு அளவையும் எழுதச் சொன்னார். பிறகு மூலையில் சிறிதாக ஒரு படம் போட்டார். அதில் பிராக்கெட் கன அளவோடு தெரிந்தது. ஆனால் இரண்டு காதும் ஒரே அளவு. "பட்டறைக்கு வருகிற படத்தில் ஓட்டை சிறுக்கக்கூடாது, தம்பி" என்றார். அந்த மூலைப் படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அண்ணன்.

தூரத்தோற்றத்தைக் கற்க நம் தோட்டத்தைப் போல் நல்ல இடம் கிடையாது. நகரத்துப் பிள்ளை இதற்கு ரயில் தண்டவாளத்தைத் தேடிப் போகவேண்டும். நமக்கு நிரை நிரையாக மரங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. பால்மரமோ செம்பனையோ, சமதரையில் ஒரு நிரையின் நடுவில் பிள்ளையை நிறுத்துங்கள். இரண்டு பக்க மரங்களும் போகப்போக நெருங்கி, கடைசியில் ஒரு புள்ளியில் முட்டுவது போலத் தெரியும். அதுதான் மறைபுள்ளி. அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான். பிள்ளையை உட்காரச் சொல்லுங்கள். புள்ளியும் கூடவே இறங்கும். ஸ்டூலில் ஏற்றுங்கள், அதுவும் ஏறும். அந்தப் புள்ளி வழியாகத் தாளின் குறுக்கே இழுக்கும் கோட்டுக்குக் கண்மட்டக் கோடு என்று பெயர். படத்தில் முதலில் போடவேண்டிய கோடு இதுதான். முக்கால்வாசிப் பேர் இதைப் போடாமல் தொடங்குவதால்தான் படம் கெடுகிறது.

கண்மட்டத்துக்கு மேலே இருக்கிற கிளை, கூரை எல்லாம் தொலைவு போகப்போகக் கீழிறங்கும். கீழே இருக்கிற சாலை, கான் எல்லாம் மேலேறும். மேட்டுப் பாங்கான தோட்டமாக இருந்தால் ஒரு மாற்றம் உண்டு: ஏறிப்போகும் சாலையின் புள்ளி கண்மட்டத்துக்கு மேலே அமையும், இறங்கிப்போகும் சாலையின் புள்ளி கீழே அமையும்.

மரங்களின் இடைவெளி எவ்வளவு குறையவேண்டும்? பெரும்பாலோர் குத்துமதிப்பாகப் போடுவார்கள். அதற்கும் ஒரு வழி உண்டு. முதல் மரத்தை நிமிர்ந்த கோடாகப் போட்டு அதன் உச்சி, நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் மறைபுள்ளிக்கு மூன்று மெல்லிய கோடுகள் இழுக்கவேண்டும். இரண்டாவது மரத்தை விருப்பமான இடத்தில் நிறுத்தலாம். இப்போது முதல் மரத்தின் உச்சியிலிருந்து, இரண்டாவது மரத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு சாய்கோடு இழுத்தால், அது அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ அங்கேதான் மூன்றாவது மரம். இரண்டாவதின் உச்சியிலிருந்து மூன்றாவதின் நடு வழியாக இழுத்தால் நான்காவது. இப்படியே நிரை முழுவதும் நட்டுவிடலாம். முதல் தடவை இது சரியாக வந்து நிற்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இந்த விதிகள் தெரிந்து அறுநூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1420ஆம் ஆண்டு வாக்கில், ஒரு பலகையில் கோயில் கட்டடம் ஒன்றை வரைந்து, அதில் துளை போட்டு, பின்பக்கத்திலிருந்து அந்தத் துளை வழியே எதிரில் பிடித்த கண்ணாடியில் படத்தைப் பார்க்கவைத்தார். கண்ணாடியை விலக்கினால் எதிரே உண்மையான கட்டடம். படமும் கட்டடமும் ஒத்துப்போனதைக் கண்டு பார்த்தவர்கள் வியந்தார்கள். 1525இல் ஜெர்மன் ஓவியர் டியூரர், கண்ணாடிச் சட்டத்தின் வழியே ஒரு கண்ணால் பார்த்து அந்தக் கண்ணாடியின்மேலேயே வரையும் கருவியைத் தம் நூலில் படம் போட்டுக் காட்டினார். அதை நாம் காசில்லாமல் செய்யலாம். வீட்டுச் சன்னல் கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், வெளியே தெரிவதைச் சவர்க்காரத் துண்டால் அப்படியே கோடிழுக்கச் சொல்லுங்கள். பிறகு துடைத்துவிடலாம். வீட்டில் சத்தம் போடாதீர்கள்.

இதை ஏதோ வெள்ளைக்காரர் சங்கதி என்று ஒதுக்கவேண்டாம். நம் வீடுகளில் மாட்டியிருந்த லட்சுமி, சரஸ்வதி படங்களுக்கு மூதாதை ரவிவர்மா. கேரளத்தில் 1848இல் பிறந்தவர், ஐரோப்பிய முறை ஓவியத்தைக் கற்று நம் தெய்வங்களை வரைந்தவர். 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து அந்தப் படங்களை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தார். அந்த வகைப் படங்களில் அம்மனுக்குப் பின்னால் இருக்கிற படிகளையும் தூண்களையும் பாருங்கள். கும்பிடுகிற நேரம் போக மற்ற நேரத்தில் அதுவும் ஒரு பாடம்தான்.

இனி மனிதர்கள். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தரை சமமாக இருந்து, நாமும் நின்றுகொண்டு பார்த்தால், நம் உயரமுள்ளவர் பக்கத்தில் நின்றாலும் நூறு கஜம் தள்ளி நின்றாலும் அவர் கண் நம் கண்மட்டக் கோட்டின்மேல்தான் இருக்கும். கால் மட்டும்தான் மேலே ஏறி ஏறிப் போகும். தெரியாத பிள்ளை, தூரத்து ஆளை முழுதாகத் தூக்கி மேலே வைத்துவிடும். ஆள் பறப்பது போல இருக்கும். சிறு பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. பெரியவர் கண் சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்க, மூன்றரை அடி இருக்கிற ஐந்து வயதுக் குழந்தையின் உச்சி, அது எங்கே நின்றாலும், அதன் காலுக்கும் கண்மட்டக் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் வரும். காலை எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்து ஆளின் அளவு தானே கிடைத்துவிடுகிறது.

உடம்பின் அளவுக்குத் தலைதான் முழக்கோல். வளர்ந்தவர் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. ஐந்து வயதுக்கு ஐந்து, ஐந்தரைத் தலை. ஒரு வயதுக்கு நான்கு. பிள்ளைகளை வரைந்தால் குட்டை மனிதர்கள் போல வருகிறது என்பவர்கள், தலையைச் சிறிதாகப் போட்டிருப்பார்கள். இன்னொன்று: கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன. நெற்றியைக் குறைத்துக் கண்ணை மேலே தூக்கிவிடுவது எல்லோரும் செய்கிற பிழை. கண்ணாடி முன் நின்று பென்சிலால் அளந்து பார்த்தால் நம்புவார்கள்.

கடினமானது, கை நம்மை நோக்கி நீளும்போது. கை நீளம் என்று மனம் சொல்லும். கண்ணுக்கோ அது கட்டையாகத் தெரியும். இங்கே மனத்தைக் கேட்காமல் கண்ணைக் கேட்கவேண்டும். பழைய செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மெதுவாக உங்கள் பக்கம் திருப்புங்கள். நீளம் குறைய, வாய் வட்டமாக விரியும். கையும் காலும் இத்தகைய குழாய்கள்தான், மார்பு ஒரு பெட்டி, இடுப்பு இன்னொரு பெட்டி. பால் வெட்டக் குனிகிற அம்மாவை வரைய, முதலில் இரண்டு பெட்டிகளைச் சாய்த்து வைத்து, குழாய்களைப் பொருத்தி, பிறகு கைலியைப் போர்த்தவேண்டும். முதலிலேயே கைலியின் மடிப்பில் இறங்கினால் உள்ளே ஆள் இருக்கமாட்டார்.

வட்டங்களுக்குப் பால் மங்கு போதும். கண்மட்டத்தில் பிடித்தால் அதன் வாய் ஒரு கோடு. கீழே இறக்க இறக்க முட்டை வடிவமாக விரிகிறது. சைக்கிள் சக்கரமும் அப்படித்தான். சக்கரத்தைச் சாய்வாகப் பார்த்து வரையும்போது, முட்டை வடிவத்தின் குறுகிய பக்கம் இருசு போகிற திசையில் இருக்கவேண்டும். இந்த ஒன்றைத் தவறவிட்டால் சைக்கிள் நெளிந்துபோய் நிற்கும்.

இப்போது தம்பிக்கு, அந்தப் பெரியவர் மூலையில் போட்ட படத்துக்கு வருவோம். அதற்கு ஐசோமெட்ரிக் என்று பெயர். கிரேக்கத்தில் சம அளவு என்று பொருள். இதில் மறைபுள்ளி கிடையாது. இணையான கோடுகள் எவ்வளவு தூரம் போனாலும் இணையாகவே இருக்கும். மூன்றே திசைகள்: உயரம் நேர் நிமிர்ந்த கோடு, நீளமும் அகலமும் வலமும் இடமுமாக 30 பாகை சாய்ந்த கோடுகள். இந்த மூன்று திசையிலும் எங்கே அடிக்கோலை வைத்தாலும் அளவு பொய் சொல்லாது. வேறு சாய்வுக் கோடுகளை அப்படி அளக்கக்கூடாது, அவை நீண்டோ குறுகியோ இருக்கும். கண்ணுக்கு முழுத் திருப்தி தராது, பின்பக்கம் சற்றுப் பெரிதாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பார்த்துச் செய்கிறவனுக்கு இதுதான் வேண்டும்.

1822இல் இதை முறைப்படுத்தி எழுதியவர் வில்லியம் ஃபாரிஷ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர். அவர் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். சக்கரம், தண்டு, உருளை என்று ஒரு குவியல் பாகங்களை வைத்துக்கொண்டு, அன்றன்றைய பாடத்துக்குத் தக்கபடி ஒரு மாதிரி இயந்திரத்தைப் பூட்டிக் காட்டுவார். பூட்டுகிறவர்கள் உதவியாளர்கள். எதை எங்கே பொருத்துவது என்று அவர்களுக்குத் தெளிவாகக் காட்டத்தான் இந்தப் படம் தேவைப்பட்டது.

அந்த 30 பாகையைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. ஒட்டுக்கட்டிய பால்மரத்தில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் வெட்டுக்கோட்டின் சரிவு அதே 30 பாகை. விதையில் வளர்ந்த மரத்துக்கு 25. தகரத் தகட்டை மரத்தில் வைத்துக் கோடு குறித்ததைப் பழைய ஆட்கள் அறிவார்கள். ஆண்டுக்கணக்கில் இருட்டோடு எழுந்து அந்தச் சரிவு மாறாமல் வெட்டிய கைகள் நம் பெற்றோருடையவை. மூலைமட்டம் வாங்கமுடியாவிட்டால் தாளை மடித்தே கோணம் எடுக்கலாம். நீளவாக்கில் நடுவில் மடித்து விரித்து, கீழ் வலது மூலை நகராமல், கீழ் இடது மூலையைத் தூக்கி அந்த நடு மடிப்பின்மேல் தொடும்படி மடியுங்கள். புது மடிப்புக்கும் தாளின் அடி விளிம்புக்கும் இடையில் இருப்பது 30 பாகை.

கோடு போட்ட தாள் வேண்டுமென்றால் அம்மாவைக் கேளுங்கள். வாசலில் வைக்கிறார்களே இடுக்குப்புள்ளிக் கோலம், ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருமே, அதே அமைப்புதான் ஐசோமெட்ரிக் தாள். நோட்டுத் தாளில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. வரிசைக்கும் வரிசைக்கும் இடையே சுமார் 1.7 சென்டிமீட்டர். புள்ளி வைத்து முடித்ததும் தாளைக் கால் சுற்றுத் திருப்பினால் நிமிர்ந்த கோடும் இரண்டு 30 பாகைச் சாய்வும் தயார். முதலில் ஒரு தீப்பெட்டி. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தீப்பெட்டி. அதற்கப்புறம் முக்காலி, கதவுக் கீல், பால் வெட்டும் கத்தியின் கைப்பிடி என்று வீட்டிலுள்ளதை எல்லாம் வரையலாம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தந்தைமாருக்கு ஒரு செய்தி. ஜூரோங் தீவு, பாசிர் கூடாங், பெங்கேராங் போன்ற இடங்களில் எண்ணெய், ரசாயன ஆலைகள் இருக்கின்றன. இத்தகைய ஆலைகளில் குழாய் பொருத்துகிறவர் கையில் கொடுக்கப்படும் தாளை 'ஐசோ' என்றுதான் அழைப்பார்கள். குழாய் எங்கே மேலே ஏறுகிறது, எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் வால்வு என்பதை அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லத் தெரியவேண்டும். சொல்லத் தெரியாதவர் குழாயைச் சுமக்கலாம்; சொல்லத் தெரிந்தவர்தான் பொருத்தலாம். கணினியில் இயந்திரம் வரைகிற பிள்ளைகளும் இந்தப் பார்வையையே நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். திரை வந்துவிட்டதால் கையால் வரையவேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மனத்தில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பார்க்கத் தெரியாதவனுக்குத் திரை என்ன செய்யும்?

பெண் பிள்ளைகளை இதிலிருந்து ஒதுக்கிவைக்காதீர்கள். இடுக்குப்புள்ளியில் தப்பில்லாமல் இழை ஓட்டுகிற பெண்ணுக்கு இது ஒரு மாதத்து வேலை.

பிள்ளைக்கு இரண்டு நோட்டு கொடுங்கள். ஒன்றில் கண் காண்கிறபடி நிரை, சாலை, ஆட்கள். மற்றொன்றில் அளந்து வரைகிற சாமான்கள், எல்லா அளவும் எழுதி. இரண்டையும் கலக்கவிடாதீர்கள். அளந்து வரைந்த படம் சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு: அந்தச் சாமானைப் பார்க்காத ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, அட்டையில் வெட்டி ஒட்டிச் செய்யச் சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் செய்து முடித்தால் படம் சரி. "இது எவ்வளவு?" என்று அவர் கேட்கிற ஒவ்வொரு இடத்திலும் ஓர் அளவு விடுபட்டிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நான் பட்டறை மேசையிலேயே உட்கார்ந்து பிராக்கெட்டை மறுபடி வரைந்தேன். பெரியவர் பதினொரு கேள்வி கேட்டார். பதினொன்றுக்கும் அப்பா தன் சட்டைப்பையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் அளக்காமல் விட்டதையெல்லாம், என்னிடம் சொல்லாமல், முதல் நாள் இரவு ஸ்டோருக்குப் போய் அவரே அளந்து வந்திருந்தார்.